34 வயதில் இருதய அடைப்பு: ஒன்றுக்கு ஸ்டென்ட் போட்டார்கள், இன்னொன்றை ஏன் விட்டார்கள்?

#1 லிந்தாங்_லோரி

வணக்கம். காற்பந்துப் பகுதியில் பேராக் குழுவைத் திட்டி எழுதுகிற ஆள்தான் நான். இந்த உடல்நலப் பகுதிக்கு வர வேண்டியிருக்கும் என்று நினைக்கவில்லை.

வயது 34. சுங்கை சிப்புட்டில் லிந்தாங் போகிற சாலையில் வீடு. தோட்டங்களிலிருந்து செம்பனைக் குலை ஏற்றி ஆலைக்குக் கொண்டுபோகும் லோரி ஓட்டுகிறேன். தைப்பூசம் முடிந்த வாரத்தில் தொடங்கியது. குலைமேல் வலை போட்டுக் கட்ட மேலே ஏறினால் நெஞ்சு நடுவில் ஒரு பாரம். வலி என்றுகூடச் சொல்ல முடியாது, யாரோ முட்டி போட்டு அழுத்துகிற மாதிரி இருக்கும். கூடவே கீழ்த்தாடை கடுக்கும். இறங்கி 5 நிமிடம் உட்கார்ந்தால் போய்விடும். போனதும் நானும் மறந்துவிடுவேன்.

கம்பெனி பேனல் கிளினிக்குக்குப் போனேன். "நேரத்துக்குச் சாப்பிடுவதில்லையா? கேஸ்ட்ரிக்" என்று வெள்ளை மருந்தும் மாத்திரையும் ஒரு நாள் எம்சியும் (மருத்துவ விடுப்பு) கொடுத்தார்கள். பத்து நாள் கழித்து மறுபடி போனேன். வேறு டாக்டர், அதே வெள்ளை மருந்து. இரண்டு தடவையும் இசிஜி எடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை. தினமும் லோரியில் ஏறி இறங்குகிறவனுக்கு எதற்கு இசிஜி என்றுதான் நானும் இருந்தேன்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை 4 மணி. சட்டையைப் பிழியலாம், அவ்வளவு வேர்வை. வாந்தி. இடது கை மரத்துப்போனது. மச்சான் காரில் போட்டுக்கொண்டு மாவட்ட மருத்துவமனைக்கு ஓட்டினான். உள்ளே போன கையோடு இசிஜி எடுத்தார்கள். ஒரு சின்ன வயது டாக்டர் அந்தத் தாளைப் பார்த்த பிறகு யாரும் நடக்கவில்லை, எல்லாரும் ஓடினார்கள். கட்டியைக் கரைக்கிற ஊசி போட்டு, பகலில் ஆம்புலன்ஸில் ஈப்போவுக்கு அனுப்பினார்கள். மறுநாள் மணிக்கட்டு வழியாக ஆஞ்சியோ. எல்.ஏ.டி. என்கிற இருதயக் குழாயில் 95 சதவீதம் அடைப்பு, ஸ்டென்ட் (குழாயை விரித்துப் பிடிக்கும் வலைக்குழல்) ஒன்று போட்டார்கள். வலது பக்கக் குழாயில் 60 சதவீதம். அதைத் தொடவில்லை. "சில வாரம் கழித்து வயர் விட்டு அளந்து பார்த்து முடிவு செய்யலாம்" என்றார் ஸ்பெஷலிஸ்ட்.

இப்போது வீட்டில் ஆளுக்கு ஒரு பேச்சு. அம்மா, பிரைவேட்டில் காட்டி பைபாஸ் செய்துவிடச் சொல்கிறார். கிள்ளானில் இருக்கும் மாமா, குழாயைக் கழுவிவிடும் என்று 280 வெள்ளிக்கு ஒரு பாட்டில் ஜூஸ் கொண்டுவந்து வைத்திருக்கிறார். என் வீட்டுக்காரி கேட்பது ஒன்றே ஒன்றுதான்: 34 வயதில் ஏன் வந்தது?

17 வயதிலிருந்து நாளுக்கு ஒரு பாக்கெட் சிகரெட். மறைக்கவில்லை. ஆனால் என்னோடு ஓட்டுகிறவர்கள் எல்லாரும் அப்படித்தான். என் அப்பா 41 வயதில் தோட்டத்துக் கோயில் திருவிழாவில், சாமி புறப்படுகிற நேரத்தில் விழுந்து இறந்தார். எனக்கு அப்போது 6 வயது. முனி அடித்துவிட்டது என்றுதான் இன்றைக்கும் சொல்கிறார்கள்.

#2 பழைய_பால்வெட்டு

தம்பி, உயிரோடு எழுதுகிறாயே, அது போதும்.

நான் 2009இல் கோலாலம்பூர் ஐ.ஜே.என்.னில் (தேசிய இருதய மருத்துவமனை) பைபாஸ் செய்துகொண்டவன். அப்போது எனக்கு 47. மூன்று குழாயும் போயிருந்தது, கூடவே 15 வருடச் சர்க்கரை. அதனால் அம்மாவிடம் இதைச் சொல்: பைபாஸ் என்றால் ஸ்டென்டைவிட உசத்தி, பெரிய வைத்தியம் என்று அர்த்தம் இல்லை. என் மாதிரி ஆளுக்கு அது சரி. உனக்கு இருக்கிற பாக்கி ஒரு 60 சதவீதம். அதற்குப் போய் நெஞ்செலும்பை வெட்டித் திறப்பார்களா? வெட்டினால் என்ன ஆகும் என்று என்னைக் கேள். ஆறு வாரம் தும்முவதற்கே தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும்.

சிகரெட்டை விட்டாயா இல்லையா, அதை எழுதவில்லையே.

#3 லிந்தாங்_லோரி

விட்டுவிட்டேன் அண்ணே. வார்டில் படுத்த நாளிலிருந்து இல்லை. மின்சிகரெட்டும் (வேப்) இல்லை.

#4 நைட்ஷிப்ட்_எம்ஏ

நான் டாக்டர் இல்லை, அவசரப் பிரிவில் எம்.ஏ. (மருத்துவ உதவியாளர்). பதினாறு வருட சர்வீஸ். உங்கள் ரிப்போர்ட்டைப் பார்க்காமல் எழுதுகிறேன், முடிவு உங்கள் ஸ்பெஷலிஸ்ட்டுடையது. ஆனால் அவர் சொன்னது எனக்குச் சரியாகவே படுகிறது.

முதலில் அந்த இரவு நடந்ததைச் சொல்கிறேன். முழுதாக அடைத்த குழாயைத் திறக்க இரண்டு வழி. உடனே பலூன், அல்லது கட்டியைக் கரைக்கும் ஊசி. பலூன்தான் மேல். ஆனால் எல்லா ஊரிலும் ஆஞ்சியோ அறை கிடையாது. ஆம்புலன்ஸ், அந்தப் பக்கம் குழு தயாராவது எல்லாம் சேர்த்து 2 மணி நேரத்தைத் தாண்டும் என்றால் காத்திருக்கக் கூடாது, ஊசியைப் போட்டுவிட வேண்டும். வலி தொடங்கி 12 மணி நேரத்துக்குள் போடலாம், ஆனால் முதல் 3 மணி நேரத்தில் போட்டால்தான் அதன் முழு வேலை தெரியும். ஊசி போட்ட ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் மறுபடி இசிஜி எடுத்து, ஏறி நின்ற கோடு பாதிக்கு மேல் இறங்கியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். இறங்கியிருந்தால் 24 மணி நேரத்துக்குள் ஆஞ்சியோ. உங்களுக்கு நடந்தது கிட்டத்தட்ட இதுதான்.

இப்போது இரண்டாவது அடைப்பு. ஆஞ்சியோவில் தெரிவது குழாயின் நிழல். 60 சதவீதம் என்பது அந்த நிழலைக் கண்ணால் பார்த்துச் சொன்ன கணக்கு. அந்த இடத்தைத் தாண்டி ரத்தம் போதுமான அழுத்தத்தோடு போகிறதா என்பது நிழலில் தெரியாது. அதற்குத்தான் வயர். நுனியில் அழுத்தம் அளக்கும் கருவி உள்ள முடி மாதிரி ஒரு கம்பி. அடைப்புக்கு முன்னால் அழுத்தம் 100 என்றால் பின்னால் எவ்வளவு என்று பார்ப்பார்கள். 80 அல்லது அதற்குக் கீழே என்றால் அந்த அடைப்பு இருதயத்தைப் பட்டினி போடுகிறது, ஸ்டென்ட் வேண்டும். அதற்கு மேலே என்றால் மாத்திரையே போதும்.

2019இல் வந்த 'கம்ப்ளீட்' என்ற ஆய்வில் சுமார் 4,000 மாரடைப்பு நோயாளிகளைப் பார்த்தார்கள். முதல் அடைப்பை மட்டும் சரிசெய்து நிறுத்துவதைவிட, மற்ற பெரிய அடைப்புகளையும் பிறகு சரிசெய்தால் மறு மாரடைப்பு குறைந்தது. ஆனால் அங்கே பெரியது என்றால் 70 சதவீதமும் அதற்கு மேலும். 50க்கும் 69க்கும் நடுவில் இருந்தால் வயரில் 0.80 அல்லது கீழே காட்டியவற்றை மட்டும்தான் தொட்டார்கள். நீங்கள் நிற்பது சரியாக அந்த நடுப்பகுதியில்.

பைபாஸ் பற்றி அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். அதிகம் குறுகாத குழாய்க்குப் பக்கத்தில் புதுக்குழாய் ஒட்டினால், ரத்தம் பழைய வழியிலேயே போகும். புதுக்குழாயில் ஓட்டமில்லாமல் அது சுருங்கி அடைத்துக்கொள்ளும். உங்கள் வயதில் அந்த நல்ல குழாய்களை இப்போதே செலவழிக்க வேண்டாம். பின்னால் ஒருநாள் தேவைப்படலாம்.

#5 பாசார்_மாலாம்

ஸ்டென்ட் போட்டால் பத்து வருடம்தான் ஆயுசு என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். உண்மையா?

#6 நைட்ஷிப்ட்_எம்ஏ

இல்லை. 1977 செப்டம்பர் 16ஆம் தேதி சூரிக்கில் குருண்ட்சிக் என்ற டாக்டர்தான் உலகத்திலேயே முதலில் விழித்திருக்கும் ஒருவரின் இருதயக் குழாயில் பலூன் விட்டு அடைப்பைத் திறந்தார். அந்த நோயாளிக்கு வயது 38. அதே எல்.ஏ.டி. குழாய். அப்போது ஸ்டென்டே கிடையாது, அது 1986இல்தான் வந்தது. வெறும் பலூன். பத்து வருடம் கழித்து மறுபடி படம் எடுத்துப் பார்த்தபோது அந்த இடம் திறந்தே இருந்தது. லோரி அண்ணனைவிட 4 வயதுதான் மூத்தவர்.

ஸ்டென்டுக்குக் காலாவதித் தேதி கிடையாது. கெடுவது நாம். மாத்திரையை நிறுத்துவோம், மறுபடி புகைப்போம்.

#7 நலவாழ்வு_இயற்கை

அண்ணா, ரசாயன மாத்திரையால் கிட்னிதான் போகும். எங்கள் 12 மூலிகைச் சாறு குடித்த பலருக்கு 90 நாளில் அடைப்பு கரைந்திருக்கிறது. தனிச்செய்தி அனுப்புங்கள், முதல் பாட்டில் பாதி விலை

#8 நிர்வாகி

மேலே உள்ள பதிவை அழிக்காமல் வைத்திருக்கிறேன், எப்படிப் பேசுவார்கள் என்று எல்லாரும் பார்ப்பதற்காக. உறுப்பினர் தடை செய்யப்பட்டார்.

#9 லிந்தாங்_லோரி

மாமா கொண்டுவந்ததும் 12 மூலிகைதான். ஒரே ஆலைச் சரக்கு போலிருக்கிறது. அவர் மனம் நோகக் கூடாது என்று இரண்டு நாள் குடித்தேன். பாதகமா?

#10 நைட்ஷிப்ட்_எம்ஏ

இரண்டு நாளில் ஒன்றும் ஆகாது, ஆனால் நிறுத்துங்கள். நீங்கள் ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் சேர்த்து எடுக்கிறீர்கள். ஸ்டென்டுக்குள் கட்டி உறையாமல் இருக்கத்தான் அந்த இரண்டும். மாரடைப்புக்குப் பிறகு வழக்கமாக ஒரு வருடம். பல் பிடுங்குகிறேன் என்று யாராவது நிறுத்தச் சொன்னால்கூட இருதய டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். அந்த ஜூஸில் என்ன இருக்கிறது என்று எனக்கும் தெரியாது, உங்கள் மாமாவுக்கும் தெரியாது. பூண்டு, கிங்கோ சாறு இவற்றைக் கெட்டியாக்கிச் சேர்த்திருந்தால் ரத்தக்கசிவு கூடும். கொழுப்பு மாத்திரைக்கு கிரேப்ஃப்ரூட் ஆகாது என்பார்கள். நம் தம்புன் பம்ளிமாஸும் அதே இனம்தான், கிலோக் கணக்கில் உரிக்காதீர்கள்.

இன்னொன்று, இங்கே ஆண்கள் படிக்கட்டும். நாக்குக்கு அடியில் வைக்கும் ஜி.டி.என். மாத்திரை கொடுத்திருப்பார்கள். அதை 'ஆண்மை' மாத்திரையோடு சேர்த்தால் பிரஷர் அதலபாதாளத்துக்குப் போகும். எனக்குத்தான் அந்த மாத்திரை பழக்கம் இல்லையே என்பீர்கள். பாக்கெட் காப்பி பழக்கம் இருக்கிறதே? தொங்காட் அலி என்று விற்கும் காப்பித்தூளில் அந்த மருந்தையே கலந்திருப்பதாகச் சுகாதார அமைச்சு எத்தனையோ தடவை எச்சரித்துத் தடை செய்திருக்கிறது. வார்டில் ஒருவரைப் படுக்கையிலிருந்து எழுப்ப முடியாமல் போய், கடைசியில் பார்த்தால் காலையில் ஒரு காப்பி.

#11 பழைய_பால்வெட்டு

காப்பிக் கடை ரகசியமெல்லாம் வெளியே வருகிறது.

#12 ஷிப்ட்2_ஆபரேட்டர்

எனக்கு 29 வயது. தைப்பிங் பக்கம் தொழிற்சாலை வேலை. ஒரு மாதமாக நெஞ்சு குத்துகிறது. போன வருடக் கம்பெனி மெடிக்கலில் இசிஜி நார்மல். இந்த இழையைப் படித்ததிலிருந்து தூக்கம் இல்லை.

#13 நைட்ஷிப்ட்_எம்ஏ

தம்பி, முதலில் பயத்தைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள். இளம் வயது நெஞ்சுவலியில் பெரும்பாலானவை இருதயம் இல்லை. விரலால் தொட்டுக் காட்ட முடிகிற இடம், அமுக்கினால் வலிக்கிறது, மூச்சை இழுத்தால் குத்துகிறது, ஒரு விநாடியில் வந்து போகிறது, இப்படி இருந்தால் சதையாகவோ எலும்பு மூட்டாகவோ இருக்கும். மாடி ஏறினால் வருகிறது, நின்றால் போகிறது, உள்ளங்கையை விரித்து நெஞ்சில் வைத்துத்தான் காட்ட முடிகிறது என்றால் அது வேறு. லோரி அண்ணன் சொன்னதைத் திரும்பப் படியுங்கள். ஏறினால் வருகிறது, உட்கார்ந்தால் போகிறது, தாடை கடுக்கிறது. வயது 34 என்பதை மறைத்துவிட்டு இதைச் சொன்னால் பயிற்சி மாணவன்கூட இருதயம் என்பான். வயதைப் பார்த்ததால் ஏமாந்தார்கள்.

போன வருட இசிஜியை நம்ப வேண்டாம். சும்மா படுத்திருக்கும்போது எடுத்தது அது. தோட்டத்து மண்சாலைக்கு அடியில் சிமெண்ட் குழாய் பதித்திருப்பார்களே, பாதிக்கு மேல் மண் அடைத்திருந்தாலும் வெயில் நாளில் பார்த்தால் தண்ணீர் அழகாகப் போகும். இசிஜி என்பது வெயில் நாளில் சாலைமேல் நின்று பார்ப்பது. டிரெட்மில் சோதனை என்பது வேண்டுமென்றே தண்ணீரைத் திறந்துவிட்டுப் பார்ப்பது. 3 நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் மேடும் கூடும், அப்போது கோடு மாறுகிறதா என்று பார்ப்பார்கள். சிடி ஆஞ்சியோ என்பது குழாய்க்குள் டார்ச் அடிப்பது. கையில் ஊசி வழியாகச் சாயம் ஏற்றிப் படம் எடுப்பார்கள்.

டிரெட்மில்லில் பாஸானவனுக்கும் அடுத்த மாதம் மாரடைப்பு வந்ததைப் பார்த்திருக்கிறேன். பாதி அடைப்பு ஓட்டத்தைத் தடுப்பதில்லை, அதனால் டிரெட்மில்லில் மாட்டாது. ஆனால் அந்தக் கொழுப்புப் படிவின் மேல்தோல் ஒருநாள் கிழிந்தால் அதன்மேல் ரத்தம் உறைந்து நிமிடத்தில் முழுதாக அடைக்கும். மழை நாளில் ஒரு செம்பனை மட்டை வந்து குழாய் வாயில் செருகிக்கொள்கிற கதைதான். இளம் வயதுக்காரர்களுக்கு அதிகம் நடப்பது இது.

நீங்கள் நாளைக்கே அரசாங்க கிளினிக் கேசிஹாத்தானுக்குப் போங்கள். 1 வெள்ளி. இசிஜி எடுங்கள், கொழுப்பும் சர்க்கரையும் பாருங்கள். வலி ஓய்வாக இருக்கும்போது வந்து 15, 20 நிமிடம் நீடித்தால் கிளினிக் வேண்டாம், 999. மோட்டாரில் தனியாகப் போகாதீர்கள். மருத்துவமனையில் இசிஜி முதல் 10 நிமிடத்துக்குள் எடுக்க வேண்டும். எடுக்கவில்லை என்றால் வாய் திறந்து கேளுங்கள். இருதயத் தசை சேதத்தைக் காட்டும் டிரோபோனின் ரத்தச் சோதனை ஒருமுறை நார்மல் என்றால் சில மணி நேரம் கழித்து மறுபடி எடுப்பார்கள், அதுவரை வீட்டுக்கு ஓடிவராதீர்கள்.

#14 பாலர்பள்ளி_டீச்சர்

பெண்களைப் பற்றி யாரும் பேசவில்லை, அதனால் எழுதுகிறேன். என் தங்கைக்கு 35 வயதில், குழந்தை பிறந்து மூன்றாவது வாரம் வந்தது. சிகரெட் இல்லை, கொழுப்பு இல்லை, ஒன்றும் இல்லை. முதுகு நடுவில் வலி, மூச்சு வாங்கல். "பிள்ளை பெற்ற உடம்பு, பத்தியம் சரியில்லை, பயப்படுகிறாய்" என்று வீட்டில் நாங்களே இஞ்சிச்சாறு வைத்துக் கொடுத்தோம். ஆஞ்சியோவில் பார்த்தபோது கொழுப்பு அடைப்பே இல்லை. குழாயின் சுவர் தானாகவே உள்ளுக்குள் உரிந்து, அந்தப் பிளவில் ரத்தம் புகுந்து பாதையை அமுக்கியிருந்தது. இதற்கு ஸ்டென்ட் போடப் போனால் பிளவு இன்னும் நீளலாம், ரத்த ஓட்டம் இருக்கிறவரை தொடாமல் விட்டால் பெரும்பாலும் தானே ஆறிவிடும் என்றார்கள். விட்டார்கள். சில மாதத்தில் ஆறிவிட்டது.

அதனால் லோரித் தம்பியின் வீட்டுக்காரி கேட்ட "ஏன்" என்ற கேள்வி சாதாரணக் கேள்வி இல்லை. காரணத்தைப் பொறுத்து வைத்தியமே மாறுகிறது.

#15 டிரஸ்ஸர்_மகள்

டீச்சர் அக்கா சொன்னதைப் பிடித்துக்கொண்டு வருகிறேன். என் அப்பா லிந்தாங் பக்கம் ஒரு தோட்ட ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸராக (மருத்துவ உதவியாளர்) இருந்தவர். நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன்.

லோரி அண்ணா, மருத்துவமனையில் சேர்ந்த அன்று எடுத்த எல்.டி.எல். (கெட்ட கொழுப்பு) எவ்வளவு? பிறகு எடுத்தது வேண்டாம், மாரடைப்பு வந்து ஒரு நாள் போனால் எல்.டி.எல். தானாகவே இறங்கிக் காட்டும். சேர்ந்த நாளின் கணக்கு வேண்டும்.

இன்னொன்று அம்மாவிடம் கேளுங்கள். அப்பாவின் குதிகாலுக்கு மேலே, பின்பக்கத் தசைநார் தடித்து முடிச்சு மாதிரி இருந்ததா?

#16 பாசார்_மாலாம்

குதிகாலுக்கும் இருதயத்துக்கும் என்ன சம்பந்தம்? எல்லாம் தேங்காய்ப்பால் நாசி லெமாக், எண்ணெய் ரொட்டி சானாய் தம்பி. காலையில் ஒன்று, ராத்திரி மாமாக் (இந்திய முஸ்லிம் உணவுக்) கடையில் ஒன்று. தே தாரிக்கில் கண்டென்ஸ்ட் மில்க்.

#17 பழைய_பால்வெட்டு

நாசி லெமாக் சாப்பிட்டவனெல்லாம் 34இல் விழுந்தால் இந்த ஊரில் ஆள் மிஞ்சாது.

மலேசியாவில் இந்தியர்கள் நாம் 7 சதவீதம் பக்கம்தான். இருதய வார்டில் போய்ப் பாருங்கள், அதைப்போல இரண்டு மூன்று மடங்கு நம்மவர்கள் படுத்திருப்பார்கள். சர்க்கரை, தொப்பை, சிகரெட் எல்லாம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அரசாங்கம் இலவசமாகத் தருகிற பரிசோதனைகளைப் பாருங்கள். குறைந்த வருமானக்காரர்களுக்கான பெக்கா பி40 ஆகட்டும், பெர்கேசோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) சோதனை ஆகட்டும், 40 வயதில்தான் தொடங்குகிறது. நம் ஆட்கள் அதற்கு முன்னாலேயே விழுகிறார்கள்.

#18 லிந்தாங்_லோரி

டிஸ்சார்ஜ் தாளைப் பார்த்தேன். சேர்ந்த அன்று எல்.டி.எல். 7.1 (மில்லிமோல் கணக்கில்).

அம்மாவிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "உனக்கு யார் சொன்னது?" என்றார். இரண்டு குதிகாலிலும் இருந்ததாம். ரப்பர் பூட்ஸ் உராய்ந்து காய்த்துப்போனது என்று நினைத்துத் தினமும் விளக்கெண்ணெய் தேய்த்துவிடுவாராம். பெரியப்பாவுக்கும் இருந்தது, அவரும் 50ஐத் தாண்டவில்லை. நான் என் காலைத் தடவிப் பார்த்தேன். வலது பக்கம் கொஞ்சம் தடிப்பாகத்தான் இருக்கிறது. பிரேக் மிதித்து வந்தது என்று இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன்.

#19 டிரஸ்ஸர்_மகள்

7.1 என்பது சாப்பாட்டால் மட்டும் வருகிற எண் இல்லை அண்ணா. 4.9ஐத் தாண்டினாலே பரம்பரைக் கொழுப்பு நோயாக இருக்குமோ என்று பார்க்க வேண்டும். ரத்தத்திலிருந்து கெட்ட கொழுப்பை அள்ளி அகற்றுகிற வேலையைக் கல்லீரல் செய்கிறது. இந்த நோய் உள்ளவர்களுக்கு அந்த வேலைக்கான மரபணு ஒன்று பிறவியிலேயே பழுது. 250 பேரில் ஒருவருக்கு இருக்கிறது என்று கணக்கு, அப்படி ஒன்றும் அரிதில்லை. பிறந்த நாளிலிருந்து கொழுப்பு கூடுதலாகவே ஓடுகிறது. மிஞ்சியது தசைநாரில் படிந்தால் குதிகால் முடிச்சு, இருதயக் குழாயில் படிந்தால் உங்களுக்கு நடந்தது. சிகரெட் அதன்மேல் மண்ணெண்ணெய் ஊற்றியது.

என் அப்பா ஓய்வுபெற்ற பிறகு ஒருநாள், "அந்தக் காலத்தில் தோட்டத்தில் சின்ன வயதில் செத்தவர்களில் சிலருக்கு ஏன் காலில் அந்த முடிச்சு இருந்தது என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை" என்றார். உங்கள் அப்பாவை முனி அடிக்கவில்லை அண்ணா.

இப்போது மாத்திரைக் கணக்கு. அடோர்வாஸ்டாடின் 80 மில்லிகிராம் எல்.டி.எல்.லைப் பாதியாக்கும் என்று வைத்தால் 3.5க்கு வரும். மாரடைப்பு வந்தவருக்கு இலக்கு 1.4க்குக் கீழே. எஸெட்டிமைப் சேர்த்தால் இன்னொரு 20 சதவீதம் குறையும். அப்போதும் 2.8. அதனால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போடும் பி.சி.எஸ்.கே.9 ஊசி பற்றிக் கேளுங்கள். விலை அதிகம், எல்லாருக்கும் கிடைப்பதில்லை. மருத்துவமனையில் மருத்துவ சமூகப் பணியாளர் பிரிவு இருக்கும், அங்கே கேட்காமல் விடாதீர்கள். அட்டையில் "கொழுப்பு அதிகம்" என்று மட்டும் எழுதியிருந்தால், "பரம்பரையா என்று பாருங்கள்" என்று நீங்களே சொல்லுங்கள்.

முக்கியமான ஒன்றை இன்னும் கேட்கவில்லை. பிள்ளைகள் இருக்கிறார்களா?

#20 லிந்தாங்_லோரி

இருக்கிறார்கள். மகளுக்கு 9, மகனுக்கு 6.

#21 டிரஸ்ஸர்_மகள்

ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. பயமுறுத்தச் சொல்லவில்லை. இருவருக்கும் ஒரு ரத்தச் சோதனை, அவ்வளவுதான். உங்கள் கூடப்பிறந்தவர்களுக்கும் பெரியப்பா பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள். சின்ன வயதிலேயே தெரிந்து 8 முதல் 18 வயதுக்குள் மாத்திரை தொடங்கிய பிள்ளைகள், தாங்களே பெற்றோர் ஆகிற வயதுவரை நன்றாக இருப்பதை இருபது வருடம் தொடர்ந்து பார்த்து எழுதியிருக்கிறார்கள்.

#22 ஷிப்ட்2_ஆபரேட்டர்

போனேன். இசிஜி நார்மல், எல்.டி.எல். 3.1. நெஞ்செலும்பு மூட்டில் வீக்கம் என்றார் டாக்டர், அமுக்கினால் வலிக்கிறது. வலி மாத்திரை கொடுத்தார். எம்ஏ அண்ணனுக்கு நன்றி. நேற்று தூங்கினேன்.

#23 லிந்தாங்_லோரி (மூன்று வாரம் கழித்து)

நடந்ததை எழுதிவிடுகிறேன்.

ஈப்போவில் மறுபடி மணிக்கட்டு வழியாக வயர் விட்டார்கள். குழாயை விரிக்க ஒரு மருந்து ஏற்றினார்கள், நெஞ்சு ஒரு நிமிடம் கனத்து முகம் சுட்டது. முன்னாலேயே சொல்லியிருந்ததால் பயப்படவில்லை. அளவு 0.86. ஸ்டென்ட் போடவில்லை. மானிட்டரில் அந்த எண்ணை எனக்கே காட்டினார் டாக்டர். அம்மாவுக்கு இன்னும் திருப்தி இல்லை. "இவ்வளவு தூரம் போய் ஒன்றும் போடாமல் வந்துவிட்டாயே" என்கிறார்.

இருதயம் பம்ப் செய்யும் சக்தி 45 சதவீதம், முன்பு 40 இருந்தது. மறுவாழ்வுப் பயிற்சியில் வாரம் இரண்டு நாள் நடக்க வைக்கிறார்கள். அங்கே வருகிறவர்களில் நான்தான் சின்னவன். 60 வயதுத் தாத்தா ஒருவர் என்னை முந்திப் போகிறார்.

கம்பெனியில் முதலில் சம்பளமில்லாத விடுப்பு என்றார்கள். மருத்துவமனையில் சேர்ந்து சிகிச்சை பெறுகிறவனுக்கு வருடத்துக்கு 60 நாள் சம்பளத்தோடு விடுப்பு உண்டு என்று 1955 வேலைச் சட்டத்தில் இருப்பதை மச்சான் அச்சடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தான். பிறகு பேச்சு மாறியது. பெர்கேசோவில் வேலைக்குத் திரும்பும் திட்டத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். கனரக லோரியை இப்போதைக்குத் தொடக் கூடாது என்று டாக்டர் எழுதிவிட்டார். ஆலையில் எடைமேடையில் உட்கார வைப்பதாகச் சொல்கிறார்கள், பார்க்கலாம்.

எஸெட்டிமைப் சேர்த்தாயிற்று. எல்.டி.எல். 3.0. ஊசிக்கு விண்ணப்பம் போயிருக்கிறது. ஸ்பெஷலிஸ்ட் என் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்து, கருவிழி ஓரத்தில் வெள்ளை வளையம் தொடங்கியிருக்கிறது என்றார். குதிகாலை அமுக்கிப் பார்த்துவிட்டு, "இதை உங்களுக்கு யார் சொன்னது?" என்றார், அம்மா கேட்ட மாதிரியே. டிரஸ்ஸர் மகள் என்றேன். அவருக்குப் புரியவில்லை.

#24 பழைய_பால்வெட்டு

பிள்ளைகள் சோதனை?

#25 லிந்தாங்_லோரி

அதை எழுதத்தான் இரண்டு நாளாகக் கை வரவில்லை அண்ணே. மகனுக்கு 2.4. மகளுக்கு 5.6.

வீட்டுக்காரி அழுதாள். பாப்பாவுக்கு ஒன்றும் தெரியாது, ஊசி குத்தினதற்கு ஐஸ்கிரீம் கேட்டது. வாங்கிக் கொடுக்கலாமா வேண்டாமா என்று கடை வாசலில் நின்று ஐந்து நிமிடம் யோசித்தேன்.

#26 டிரஸ்ஸர்_மகள்

வாங்கிக் கொடுத்தீர்களா?

#27 லிந்தாங்_லோரி

கொடுத்தேன். திங்கட்கிழமை காலை 8 மணிக்கு ஈப்போவில் குழந்தை டாக்டர். மச்சான்தான் கார் ஓட்டுகிறான்.